எங்கே அந்த முப்பது நாட்கள்?

2014 பிப்ரவரி 5 அன்று மத்திய சட்ட அமைச்சகம் எல்லா அமைச்சகங்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பியது. புதிய சட்டம் கொண்டுவர நினைக்கும் அமைச்சகம், முதலில் அதன் வரைவை மக்கள் முன் வைக்க வேண்டும். குறைந்தது முப்பது நாட்கள் வைக்க வேண்டும். இந்தச் சட்டம் எதற்கு, செலவு எவ்வளவு, யாருடைய பிழைப்பு பாதிக்கப்படும், அடிப்படை உரிமைகள் என்னாகும், சுற்றுச்சூழல் என்னாகும் என்ற விளக்கக் குறிப்பும் கூடவே இருக்க வேண்டும். வந்து சேரும் கருத்துகளைத் தொகுத்து வெளியிட வேண்டும். அந்தத் தொகுப்பும் அதற்கு அமைச்சகம் சொல்லும் பதிலும் அமைச்சரவைக் குறிப்பில் இடம்பெற வேண்டும். நாடாளுமன்ற நிலைக்குழுவும் அதைப் பார்க்க வேண்டும்.

இதை எந்தப் போராட்டக் குழுவும் எழுதித் தரவில்லை. அரசின் செயலாளர்கள் குழுவே கூடி எடுத்த முடிவு இது. சட்டமியற்றலுக்கு முந்தைய கலந்தாலோசனைக் கொள்கை என்று அதற்குப் பெயர்.

மூன்றே மாதத்தில் ஆட்சி மாறியது. கொள்கை மாறவில்லை. ரத்து செய்யப்படவும் இல்லை. இன்றும் ஏட்டில் இருக்கிறது. ஏட்டில் மட்டும் இருக்கிறது.

2014 முதல் 2021 வரை நாடாளுமன்றத்தில் அறிமுகமான 301 மசோதாக்களை ஓர் ஆய்வு எடுத்துப் பார்த்தது. 227 மசோதாக்களுக்கு எந்த முன்கலந்தாலோசனையும் நடக்கவில்லை. மக்கள் பார்வைக்கு வந்தவை 74. அவற்றிலும் குறைந்தது 40 மசோதாக்களுக்கு முப்பது நாள் அவகாசம் தரப்படவில்லை. நான்கில் மூன்று மசோதாக்கள் மக்களைக் கேட்காமலே பிறந்திருக்கின்றன. இதைத் தவறுதல் என்று யாரும் சொல்ல முடியாது. இது பழக்கம்.

இந்தப் பழக்கத்துக்கு யார் பொறுப்பு? வரைவை எழுதும் அமைச்சகம் பொறுப்பு. ஒவ்வொரு மசோதாவையும் சரிபார்க்கும் சட்ட அமைச்சகம் பொறுப்பு. தான் அனுப்பிய கடிதத்தைத் தானே மதிக்காத அமைச்சகம் அது. கருத்துத் தொகுப்பு இல்லாத குறிப்பை ஏற்றுக்கொண்டு கையெழுத்திடும் அமைச்சரவை பொறுப்பு. அப்படி வரும் மசோதாவைத் திருப்பி அனுப்பாமல் அறிமுகத்துக்கு அனுமதிக்கும் அவைத்தலைவர்களும் பதில் சொல்லியாக வேண்டும்.

வேளாண் சட்டங்களின் கதையை நாடு மறக்கவில்லை. மறக்கவும் கூடாது.

2020 ஜூன் 5. நாடு பெருந்தொற்றில் முடங்கிக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து மூன்று வேளாண் அவசரச் சட்டங்கள் வந்தன. கோடிக்கணக்கான உழவர்களின் விளைச்சல் எங்கே விற்கும், யாரிடம் விற்கும், எந்த ஒப்பந்தத்தில் விற்கும் என்பதை மாற்றும் சட்டங்கள். உழவரைக் கேட்கவில்லை. முப்பது நாள் தரவில்லை. செப்டம்பரில் மசோதாக்கள் அவைக்கு வந்தன. நிலைக்குழுவுக்கோ தெரிவுக்குழுவுக்கோ போகவில்லை. செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வாக்குகளை எண்ணச் சொல்லி எதிர்க்கட்சிகள் கேட்டன. எண்ணவில்லை. குரல் வாக்கெடுப்பிலேயே அன்று எடுக்கப்பட்ட இரண்டு மசோதாக்களும் நிறைவேறியதாக அறிவிக்கப்பட்டது.

இருபது ஆண்டுகளாகக் கலந்து பேசியே இந்தச் சட்டங்களைக் கொண்டுவந்தோம் என்று உச்ச நீதிமன்றத்தில் அரசு சொன்னது. அந்தக் கலந்தாலோசனையின் பதிவுகளைக் காட்டுங்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டார்கள். அப்படிப்பட்ட பதிவு தங்களிடம் இல்லை என்று பதில் வந்தது.

பிறகு நடந்ததை உலகமே பார்த்தது. 2020 நவம்பர் 26 முதல் டெல்லியின் சிங்கு, டிக்ரி, காஜிப்பூர் எல்லைகளில் உழவர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். குளிரிலும் வெயிலிலும் ஓர் ஆண்டுக்கு மேல் உட்கார்ந்தார்கள். எழுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்பது விவசாயச் சங்கங்களின் கணக்கு. இறப்பு பற்றிய பதிவே இல்லை என்று நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. கலந்தாலோசனைக்கும் பதிவு இல்லை. சாவுக்கும் பதிவு இல்லை.

2021 நவம்பர் 19 அன்று பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றிச் சட்டங்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். நவம்பர் 29 அன்று நீக்கல் மசோதா வந்தது. சில நிமிடங்களில், விவாதம் இல்லாமல், இரு அவைகளிலும் நிறைவேறியது. கேட்காமல் இயற்றினார்கள். பேசாமல் நீக்கினார்கள். முதலிலேயே முப்பது நாள் கேட்டிருந்தால் பஞ்சாபின் எந்த மண்டிக்காரரும் சொல்லியிருக்கக்கூடியதைத் தெரிந்துகொள்ள அரசுக்கு ஓர் ஆண்டும் அத்தனை உயிர்களும் தேவைப்பட்டன.

பாடம் கற்றார்களா? இல்லை.

இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் வந்தது. அதையும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தையும், சாட்சியச் சட்டத்தையும் மொத்தமாக மாற்ற 2020இல் டெல்லியில் ஒரு குழு அமைத்தார்கள். அந்தக் குழுவின் அறிக்கை மக்கள் முன் வைக்கப்படவில்லை. 2023 ஆகஸ்ட் 11 அன்று, கூட்டத்தொடரின் கடைசி நாளில், மூன்று மசோதாக்கள் திடீரென்று அறிமுகமாயின. டிசம்பரில் நிறைவேறின. அப்போது 140க்கும் மேற்பட்ட எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கத்தில் இருந்தார்கள். நூற்று நாற்பது கோடிப் பேரைக் கைது செய்யவும் தண்டிக்கவும் அதிகாரம் தரும் சட்டங்கள் அவை. அவற்றின் வரைவை மக்கள் முன் வைக்கவில்லை. மக்கள் அனுப்பியவர்களில் பலர் அவைக்கு வெளியே நின்றார்கள்.

கேட்பதுபோல் நடிப்பது இன்னொரு வகை. தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவின் வரைவு 2022 நவம்பரில் வெளியானது. கருத்து கேட்டார்கள். வந்த கருத்துகளை வெளியிட மாட்டோம் என்று அறிவிப்பிலேயே எழுதிவிட்டார்கள். யார் என்ன சொன்னார்கள், எதை ஏற்றார்கள், எதைத் தள்ளினார்கள் என்பது எவருக்கும் தெரியாது. அந்த இருட்டில் உருவான சட்டம்தான் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவை மாற்றி எழுதியது. பொதுநலனுக்காகத் தனிநபர் தகவலைக் கேட்டுப் பெற அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்த வழியை அடைத்தது. ராஜஸ்தானின் பியாவரில் 1996இல் கிராமத்து மக்கள் நாற்பது நாள் தர்ணா இருந்து தொடங்கிவைத்த சட்டம் தகவல் உரிமைச் சட்டம். சாதாரண மக்களே முன்னெடுத்து உருவாக்கிய சட்டத்தை, சாதாரண மக்களின் கருத்தை மூடிவைத்து வெட்டினார்கள்.

மொழி என்ற சுவர் வேறு. 2020 மார்ச்சில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை வந்தது. எண்ணூரின் மீனவருக்கும் கடலூரின் உழவருக்கும் அது வாழ்வும் சாவும். ஆனால் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வந்தது. எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகள் அனைத்திலும் மொழிபெயர்த்து வெளியிடுங்கள் என்று 2020 ஜூன் 30 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அரசு என்ன செய்தது? மொழிபெயர்ப்பாளரைத் தேடவில்லை. உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தமிழில் தர மாட்டோம் என்பதற்காக வழக்கறிஞர் வைத்து வாதாடிய அரசு, தமிழின் பெருமையை ஐ.நா. வரை கொண்டு சென்றதாக மேடைதோறும் சொல்லிக்கொள்கிறது.

நாடாளுமன்றக் குழுக்களாவது மக்களின் குரலைக் கேட்கும் என்ற நம்பிக்கையும் தேய்ந்துவிட்டது. பதினைந்தாவது மக்களவையில் 71 விழுக்காடு மசோதாக்கள் குழுக்களின் ஆய்வுக்குப் போயின. பதினேழாவது மக்களவையில் அது 16 விழுக்காடு. முன்வாசலும் அடைப்பு. பின்வாசலும் அடைப்பு.

டெல்லியை மட்டும் கண்டித்துவிட்டுச் சென்னையை விட்டுவிட முடியாது. மத்திய அரசின் கொள்கை மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது. அந்த வசதியைத் தமிழகம் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டிருக்கிறது.

2023 ஏப்ரல் 21. தமிழகச் சட்டப்பேரவைக் கூட்டத்தொடரின் கடைசி நாள். தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா நிறைவேறியது. எட்டு மணி நேர வேலையைப் பன்னிரண்டு மணி நேரம் வரை நீட்ட வழிவிடும் திருத்தம். மசோதாவின் நோக்க உரையைப் படித்தாலே உண்மை தெரியும். தொழில் நிறுவனங்களும் தொழில் கூட்டமைப்புகளும் கோரிக்கை வைத்தன, எனவே கொண்டுவருகிறோம் என்று அதிலேயே இருக்கிறது. முதலாளியைக் கேட்டார்கள். பன்னிரண்டு மணி நேரம் நிற்கப்போகிறவரைக் கேட்கவில்லை. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. ஏப்ரல் 24 அன்று தொழிற்சங்கங்களை அழைத்து அமைச்சர்கள் பேசினார்கள். சட்டம் நிறைவேறிய மூன்றாம் நாள் கலந்தாலோசனை! அன்றே மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே நாளன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். பின்வாங்கியதைப் பாராட்டியவர்கள் பலர். நாம் கேட்பது வேறு: முன்பே கேட்டிருந்தால் பின்வாங்க வேண்டிய நிலை ஏன் வந்திருக்கும்?

அதே ஏப்ரல் 21 அன்று, அதே அவையில், இன்னொரு மசோதாவும் நிறைவேறியது. சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்பு மசோதா. நூறு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில், ஏரியும் ஓடையும் குறுக்கிடும் நிலங்களைப் பெரும் திட்டங்களுக்காக ஒருங்கிணைக்க வழி செய்வது. விவாதமே இல்லாமல் நிறைவேறியது. பன்னிரண்டு மணி நேர வேலை பற்றிய கூச்சலில் இது பலர் கண்ணில் படவில்லை. விவசாயச் சங்கங்கள் பிறகு எதிர்த்தன. இது திரும்பப் பெறப்படவில்லை. 2024 அக்டோபரில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. ஏரியை நம்பி வாழும் எந்த ஊரின் கிராம சபையில் இந்த வரைவு படிக்கப்பட்டது? ஒரு ஊரின் பெயரையாவது வருவாய்த் துறை சொல்லட்டும்.

கிராம சபை என்று சொன்னால் போதும், ஆட்சியாளர்களுக்குப் பெருமை பொங்குகிறது. ஆண்டுக்கு நான்காக இருந்த கூட்டங்களை ஆறாக உயர்த்தினோம் என்கிறார்கள். உயர்த்தியது உண்மை. கூட்டத்தில் என்ன நடக்கிறது? அனுப்பப்பட்ட பொருள்பட்டியலைப் படிக்கிறார்கள். கையெழுத்து வாங்குகிறார்கள். ஊர் மறுத்துத் தீர்மானம் போட்டால் அது கோப்பில் உறங்குகிறது. காஞ்சிபுரம் மாவட்டம் ஏகனாபுரம் மக்கள் பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராகக் கிராம சபையில் மீண்டும் மீண்டும் தீர்மானம் போட்டார்கள். எந்த அரசு அதற்குப் பதில் சொன்னது?

அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் உத்திரமேரூர் இருக்கிறது. ஊர் நிர்வாகத்துக்கு ஆட்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்ததைச் சொல்லும் பராந்தக சோழனின் காலத்துக் குடவோலைக் கல்வெட்டைச் சொல்லாத அரசியல்வாதி இல்லை. 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமரும் உத்திரமேரூரைத்தான் எடுத்துச் சொன்னார். அன்று உழவர்கள் டெல்லி எல்லையில் உட்கார்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஆயிரமாண்டுக் கல்வெட்டு அவருக்குக் கேட்டது. அருகிலேயே உட்கார்ந்திருந்தவர்களின் குரல் கேட்கவில்லை.

கல்வெட்டைப் புகழ்பவர்கள் அதை முழுதாகப் படிக்க வேண்டும். நிலமும் வேதப் பயிற்சியும் உள்ளவர்களுக்கே அங்கே இடம் இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. எல்லாருக்குமான மன்றம் இல்லை அது. ஆனால் பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரின் பெயரையும், அவருடைய உறவினர் பெயரையும் குடத்தில் போடக் கூடாது என்று அதில் வெட்டிவைத்திருக்கிறார்கள். இன்று அந்த விதி வந்தால் எத்தனை பெயர் குடத்துக்குள் போகும்?

மக்களுக்குச் சட்டம் புரியாது என்பது அதிகாரிகள் வழக்கமாகச் சொல்லும் சாக்கு. அது பொய் என்று இந்த நாட்டிலேயே நிரூபணமாகிவிட்டது. இணையச் சமவாய்ப்புப் பிரச்சினையில் 2015இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் கருத்து கேட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. ஆணையம் கருத்துகளை வெளியிட்டது. 2016 பிப்ரவரி 8 அன்று பாகுபாடான தரவுக் கட்டணங்களைத் தடை செய்தது. அந்த ஆணையம் வெளிப்படையாகச் செயல்பட வேண்டும் என்று அதன் சட்டமே சொல்கிறது. அமைச்சகங்களுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான். அதே 2016இல் ஒரு தொலைத்தொடர்பு வழக்கில், மக்களைக் கேட்டு விதி வகுப்பதைக் கட்டாயமாக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் சொன்னது. நாடாளுமன்றம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். சட்டமியற்றுவதில் மக்கள் பங்கேற்க அவைகள் வழிசெய்ய வேண்டும் என்பது அங்கே அரசமைப்புச் சட்டத்தின் கட்டளை. மட்டாட்டியேலே என்ற பகுதியை குவாசுலு-நட்டால் மாகாணத்திலிருந்து கிழக்கு கேப் மாகாணத்துக்கு மாற்ற அரசமைப்பையே திருத்தினார்கள். அந்தப் பகுதி மக்களை மாகாணப் பேரவை கேட்கவில்லை. 2006 ஆகஸ்டில் அரசமைப்பு நீதிமன்றம் அந்த மாற்றம் செல்லாது என்றது. ஆளுங்கட்சிக்கு அசைக்க முடியாத பெரும்பான்மை இருந்தது. பயனில்லை. கேட்கவில்லை, எனவே செல்லாது. பதினெட்டு மாத அவகாசம் தந்து சரிசெய்யச் சொன்னது. பிறகு மக்களிடம் போனார்கள், கேட்டார்கள், மறுபடி நிறைவேற்றினார்கள். முடிவு மக்களுக்குப் பிடித்ததா என்பது வேறு விஷயம். கேட்காமல் தப்பிக்க வழியில்லை என்பது நிலைநாட்டப்பட்டது.

அயர்லாந்து இன்னும் ஒரு படி மேலே போனது. கருக்கலைப்புத் தடை அந்த நாட்டைப் பல பத்தாண்டுகள் பிளந்துவைத்திருந்த பிரச்சினை. கட்சிகள் தொடப் பயந்தன. 2016இல் குலுக்கல் முறையில் 99 சாதாரணக் குடிமக்களைத் தேர்ந்தெடுத்து, நீதிபதி ஒருவரைத் தலைவராக்கி, ஓர் அவையை அமைத்தார்கள். அவர்கள் வல்லுநர்களைக் கேட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களைக் கேட்டார்கள். வாதிட்டார்கள். தடையை மாற்றப் பரிந்துரைத்தார்கள். 2018 மே 25 அன்று பொது வாக்கெடுப்பில் 66 விழுக்காட்டினர் அதை ஆதரித்தார்கள். தேர்தலை எண்ணி நடுங்கிய அரசியல்வாதிகளால் முடியாததை, தேர்தல் பயம் இல்லாத 99 பேர் முடித்தார்கள். அதுவும் குடவோலைதான். நாம் கல்வெட்டாகப் பூசை செய்கிறோம். அவர்கள் நடைமுறையாக வைத்திருக்கிறார்கள்.

இனி வேண்டியவை தெளிவானவை. 2014ஆம் ஆண்டின் கொள்கையை நாடாளுமன்றம் சட்டமாக்க வேண்டும். முப்பது நாள் அவகாசம் இல்லாமல், அட்டவணை மொழிகளில் வரைவு இல்லாமல், வந்த கருத்துகளையும் அவற்றுக்கான பதிலையும் வெளியிடாமல் எந்த மசோதாவும் அறிமுகமாகக் கூடாது. மீறி நிறைவேறினால் அது செல்லாது என்று நீதிமன்றம் அறிவிக்கும் அதிகாரம் அந்தச் சட்டத்திலேயே இருக்க வேண்டும். தண்டனை இல்லாத விதியை இந்த ஆட்சியாளர்கள் மதிக்க மாட்டார்கள் என்பதற்குப் பத்தாண்டு அனுபவம் போதும்.

கலந்தாலோசனையைத் தவிர்க்கலாம், ஆனால் காரணத்தை அமைச்சரவைக் குறிப்பில் பதிய வேண்டும் என்று அதே கொள்கை ஒரு விலக்கும் தந்திருக்கிறது. அந்த 227 மசோதாக்களுக்கும் பதிந்த காரணங்கள் என்ன? பதிந்தார்களா? சட்ட அமைச்சகம் அவற்றை நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும்.

தமிழக அரசு டெல்லிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மாநில உரிமை பேசும் அரசு, மக்களின் உரிமையைத் தன் அவையில் முதலில் நிலைநாட்ட வேண்டும். கூட்டத்தொடரின் கடைசி நாளில் மசோதாக்களைக் குவித்துக் குரல் வாக்கெடுப்பில் தள்ளும் வழக்கத்தைப் பேரவைத்தலைவர் நிறுத்த வேண்டும். கேரளச் சட்டப்பேரவையில் மசோதாக்களை ஆராயும் பொருள்வாரிக் குழுக்கள் பல பத்தாண்டுகளாக இயங்குகின்றன. இங்கேயும் அமைக்க வேண்டும். தமிழக மசோதாக்களின் வரைவுகள் தமிழில், முப்பது நாள் முன்னதாக, ஒவ்வொரு கிராம சபைக்கும் நகரத்தின் ஒவ்வொரு பகுதி சபைக்கும் போக வேண்டும். அங்கே போடப்படும் தீர்மானத்துக்கு எழுத்தில் பதில் தர வேண்டிய அதிகாரி யார், எத்தனை நாளில் தர வேண்டும் என்பதை ஊராட்சிகள் சட்டத்தில் எழுத வேண்டும்.

நில ஒருங்கிணைப்புச் சட்டத்தின் கீழ், மக்களைக் கேட்கும்வரை எந்தப் பணியும் தொடங்கக் கூடாது. அந்தச் சட்டத்தை அரசு முழுமையாக மக்கள் முன் வைக்க வேண்டும். ஏரிப் பாசன ஊர்களின் கிராம சபைகளில் படித்து, ஆட்சேபங்களைப் பதிந்து, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி, அடுத்த கூட்டத்தொடரில் திருத்தத்தோடு அவைக்குக் கொண்டுவர வேண்டும். முடியாது என்றால் திரும்பப் பெற வேண்டும். மே நாளில் ஒரு மசோதாவுக்குச் செய்ய முடிந்ததை இதற்கும் செய்ய முடியும்.